கைமாறும் பறை: இளையோர் கலைப் பயிற்சியும் அடையாளக் கேள்வியும்

தமிழ்நாட்டில் சிறுவர்க்கும் இளையோர்க்கும் கலை கற்றுத்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டும் பரதமும் ஓவியமும் சிலம்பமும் பயிற்றுவிக்கப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடந்துவருகிறது. இவை திறமையைக் கண்டெடுக்கவும் மேடைக் கூச்சத்தைப் போக்கவும் பயன்படுகின்றன; அவை வேண்டியவையே. ஆனால் நான் யார், என் ஊரில் எனக்கு என்ன இடம், அந்த இடத்தை முடிவு செய்தவர் யார் என்ற கேள்விகளை இளையோர் முன் வைக்கும் கலை முயற்சிகள் மிகச் சில. அவற்றுள் பறையை நடுவில் வைத்து எழுந்தவற்றை விரிவாகப் பார்க்க வேண்டும். வேறு கலைகளில் இந்தக் கேள்விகளை ஆசிரியர் வலிந்து கொண்டுவர வேண்டியிருக்கும்; பறையிலோ, ஒரு பெண்ணின் தோளில் அதை மாட்டிவிட்ட அந்த நொடியிலேயே அவை எழுந்துவிடுகின்றன.

அதற்குக் காரணம் அந்தக் கருவியின் வரலாறு. தொல்காப்பியம் ஐந்து நிலங்களுக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனிப் பறை உண்டு. 'துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை' என்று புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பாடினார். பிற்காலத்தில் சாதி இறுகியபோது அதே கருவி ஒரு சாராரின் கட்டாய ஊழியமாகிவிட்டது. இறந்த மாட்டின் தோலை உரித்தல், அந்தத் தோலில் பறை கட்டுதல், ஊரார் வீட்டுச் சாவுக்கு அடித்தல், ஊர்ச் செய்தியைத் தெருத்தெருவாகச் சாற்றுதல், திருவிழாவில் சாமிக்கு முன்னால் நின்று அடித்தல் ஆகிய எல்லாமே சேரியின் கடமையாயின. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கூலியும் பெரும்பாலும் தானியமாகவோ துணியாகவோ, கொடுப்பவர் மனம் போனபடி அமைந்தது. சாவும் தோலும் தீட்டு என்று வகுத்த ஒழுங்கு, அந்தச் சாவையும் தோலையும் யார் தொட வேண்டும் என்றும் வகுத்தது. பறை இல்லாமல் ஊர்த் திருவிழா நடக்காது, ஆனால் பறையடிப்பவர் கோயிலுக்குள் நுழைய முடியாது என்ற நிலை பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது.

ஆகவே, பறையை என்ன செய்வது என்பது இருபதாம் நூற்றாண்டின் தலித் அரசியலில் எளிதில் தீராத கேள்வியாக இருந்தது. இழிவைச் சுமத்தும் தொழிலைக் கைவிடுவதே விடுதலையின் முதற்படி என்பது ஒரு நிலைப்பாடு. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில், செத்த மாட்டின் இறைச்சி உண்பதைக் கைவிடுமாறு அம்பேத்கர் தம் மக்களை அழைத்ததன் பின்னால் இருந்த சிந்தனை இதுவே. தமிழ்நாட்டிலும் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் மக்கள் மறுத்தார்கள். மறுத்ததற்காகத் தாக்கப்பட்டவர்களும் ஊர் விலக்கத்துக்கு ஆளானவர்களும் உண்டு. பறையை உதறிய ஒவ்வொரு குடும்பமும் அதற்கு விலை கொடுத்திருக்கிறது. இரண்டாவது நிலைப்பாடு 1990-களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் பண்பாட்டு எழுச்சியில் வலுப்பெற்றது. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது. கட்டாயத்தை மறுத்துவிட்டுக் கலையை நம் விருப்பப்படி மேடையேற்றுவோம் என்பது அதன் சாரம். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது இந்தப் போக்கின் ஒரு முகம்.

இந்த இரண்டு நிலைப்பாடுகளும் இன்று ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன என்பதைப் பயிற்சி நடத்துபவர்கள் நன்கு அறிவார்கள். பறையை விட்டொழிப்பதற்காகப் போராடிய தலைமுறையின் மகளோ பேத்தியோதான் இன்று பறை கற்க வருகிறாள். 'எங்களுக்குக் கிடைத்த அவமானம் போதாதா, நீயும் ஏன் அதைத் தூக்குகிறாய்' என்று வீட்டில் கேட்கப்படும் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது அனுபவத்திலிருந்து வரும் கேள்வி. அதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்கிறாள் என்பதில்தான் அவள் பெற்ற பயிற்சியின் தரம் வெளிப்படும்.

திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்னும் கத்தோலிக்கத் துறவி 1990-ஆம் ஆண்டு தொடங்கிய சக்தி கலைக்குழு இந்தக் கேள்வியை அடித்தளமாகக் கொண்டே தன் பயிற்சியை அமைத்துக்கொண்டது. அங்கு வரும் இளம்பெண்களில் பெரும்பாலோர் சிற்றூர்களைச் சேர்ந்த தலித் குடும்பத்தினர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் பலர். அவர்கள் மையத்தில் தங்கி, பறையோடு ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் போன்ற ஆட்டங்களையும் கற்கிறார்கள். பிழைப்புக்கு உதவும் கைத்தொழிலும் கற்கிறார்கள். சாதி எப்படி வந்தது, பெண்ணுக்கு ஏன் கூலி குறைவு என்பன போன்ற உரையாடல்களும் அதே பாடத்தின் பகுதிகளே. மரபில் பறை ஆண்கள் அடித்த கருவி. ஆகவே இந்தப் பெண்கள் இரண்டு தடைகளை ஒரே நேரத்தில் தாண்ட வேண்டியிருந்தது. ஊர் அவர்களைச் சாதியின் பெயரால் தாழ்த்தியது. அவர்களுடைய சொந்தத் தெருவோ, பெண் பறையடிப்பதா என்று கேட்டது. சக்தி குழுவின் பணியை இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் பல ஆண்டுகள் உடனிருந்து ஆவணப்படுத்தியிருக்கிறார் என்பதால், அது வெளியுலகுக்கும் ஓரளவு தெரியவந்தது.

பறையாட்டத்தில் உடலுக்கு நேர்வது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தப் பயிற்சி மாற்றத்தை உண்டாக்குவது முதலில் உடலின் வழியாகத்தான். பறையின் சட்டம் மரத்தால் ஆனது. அதன்மேல் பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். அடிக்கும் முன் வைக்கோல் தீயில் காட்டி தோலை முறுக்கேற்ற வேண்டும். ஒரு கையில் குட்டையான, பருத்த அடிக்குச்சி. மறு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. பறை இடப்பக்கம் தோளிலிருந்து தொங்க, அடித்துக்கொண்டே ஆட வேண்டும். காலை அகட்டி வைக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து சுழல வேண்டும். குழுவினரின் கண்ணைப் பார்த்தே அடவை மாற்ற வேண்டும். காலை ஒடுக்கி உட்கார், குரலைத் தாழ்த்திப் பேசு, எதிரில் வருபவரை நிமிர்ந்து பாராதே என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இவற்றில் ஒவ்வொன்றும் தலைகீழ்ப் பாடம். பறையை மெதுவாக அடித்து ஒளிந்துகொள்ளவும் முடியாது, ஏனெனில் அது தெருமுனை வரை கேட்பதற்கென்றே உருவான கருவி. தன்னம்பிக்கையைப் பற்றி ஆயிரம் சொற்பொழிவு ஆற்றினாலும் உடம்புக்குள் இறங்காத ஒன்று, சில மாத அடவுப் பயிற்சியில் இறங்கிவிடுகிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

இதற்கு இணையான, ஆனால் வேறொரு திசையிலிருந்து வந்த முயற்சி காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் நடந்தது. பெருங்கட்டூர் கூத்துக் குடும்பத்தில் பிறந்த பி. ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். ராஜகோபாலும் அவருடைய துணைவியாரும் ஆய்வாளருமான ஹன்னே டி புருய்னும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், 2020 வரை சிறுவர் சிறுமியருக்குப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கற்பித்தது. கூத்து என்பது இரவு தொடங்கி விடியும் வரை நடப்பது. மரத்தால் செய்த கிரீடமும் புஜக்கட்டைகளும் சுமந்து, சொந்தக் குரலில் பாடி ஆட வேண்டியது. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டிவந்த அந்தக் கலைக்குள் குருகுலம் சிறுமிகளைக் கொண்டுவந்தது. அவர்கள் திரௌபதியாக மட்டும் வரவில்லை, கட்டை வேடம் கட்டும் ஆண் பாத்திரங்களாகவும் ஆடினார்கள். 'பகடை துகில்' நாடகத்தில் துகிலுரியப்படுபவளின் சினத்தை ஒரு சிறுமி தன் குரலில் பாடும்போது, அந்தப் பாத்திரத்தை நூற்றாண்டுகளாக வேடமிட்ட ஆண்களின் வழியாகவே கேட்டுவந்த ஊருக்கும் அது புதிதாகக் கேட்கிறது. கூத்துக் கலைஞரின் பிள்ளைகள், அப்பாவின் தொழிலைப் பள்ளியில் மறைக்க வேண்டிய ஒன்றாகக் கருதாமல் பாடமாகப் பயின்றதும் குருகுலத்தின் குறிப்பிடத்தக்க விளைவுதான்.

நகரத்தில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. வடசென்னையின் கானா, சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்போருக்காகப் பாடப்பட்டுவந்த பாட்டு. குடிசைப் பகுதிகளில் வாழும் இளைஞர்களின் காதலும் வறுமையும் நட்பும் அதில் இருந்தன. ஆனால் சினிமா எடுத்துக்கொண்ட கேலிப் பாட்டாகவோ ரவுடிகளின் பாட்டாகவோதான் மற்ற சென்னை அதை அறிந்திருந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. சாதி பேதமற்ற தமிழர் என்று தம் மக்களை அடையாளப்படுத்திய அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது குழுவின் பெயர். அதில் பாடிய இசைவாணி, ஆண்களின் குரலாகவே இருந்த கானாவில் பெண் குரலை நிலைநாட்டியதற்காக 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். வடசென்னைச் சிறுவன் ஒருவனுக்கு இதனால் கிடைத்தது, தன் தெருவின் மொழியை மாற்றிக்கொள்ளாமலேயே ஊர் நடுவில் பாடலாம் என்ற அறிதல். அதே காலத்தில், 2015 முதல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த கலைவிழா கர்நாடக இசையை மீனவர் குப்பத்துக்குக் கொண்டுசென்றது. நல்லெண்ணத்தில் பிறந்த முயற்சி அது. என்றாலும் ஒரு கலையைப் பிறர் கொண்டுவந்து தருவதும், தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வருவதும் இளையோர் மனத்தில் ஒன்றாகப் பதியமாட்டா. அடையாளம் பற்றிய முயற்சி என்ற அளவில் இரண்டாவதே ஆழமாகச் செல்கிறது என்பது என் கருத்து.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பறைக்கு ஒரு புதிய மரியாதை வந்திருக்கிறது. சென்னையில் வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து கற்கிறார்கள். கல்லூரி விழாக்களிலும் திருமணங்களிலும் பறை அதிர்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் அடையாளத்தின் சின்னமாகப் பறையைக் கற்பிக்கிறார்கள். இதில் மகிழ்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பமான வழுவல் நேர்கிறது. பறை தமிழரின் ஆதி இசைக்கருவி என்ற வாக்கியம் மேடைதோறும் சொல்லப்படுகிறது. சங்ககாலத்திலிருந்து நேராக இன்றைக்குத் தாவிவிடும் அந்த வாக்கியத்தில், இடையில் கிடக்கும் பல நூற்றாண்டுக் கட்டாய ஊழியம் காணாமல் போகிறது. கருவி எல்லாருக்கும் பொதுவாகிறது. அதைச் சுமந்ததற்காக அடிபட்டவர்களின் நினைவு யாருக்கும் உரியதாகாமல் போகிறது. பயிற்சிக் களத்தில் ஒரே குச்சியைப் பிடித்து நிற்கும் இரண்டு இளைஞர்களில் ஒருவன் வீடு திரும்பும்போது பெருமையோடு அதைத் தோளில் மாட்டிப் போகிறான். மற்றவன் தன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் அதைத் துணிப்பைக்குள் மறைக்கிறான் என்றால், அந்த வகுப்பு அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பேசாத வகுப்பு முதலாமவனுக்கு ஒரு பொழுதுபோக்கைத் தருகிறது. இரண்டாமவனுக்கு இன்னொரு மௌனத்தைத் தருகிறது.

தோலுக்குப் பதில் செயற்கை இழை பொருத்திய பறைகள் பரவியிருப்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மழையிலும் பனியிலும் அவை தளர்வதில்லை. தீயில் காய்ச்ச வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்வதும் எளிது. நடைமுறை நோக்கில் இதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் தோல் உரித்தவர் யார், பதப்படுத்தியவர் யார், அந்த வேலைக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்ற பாடம் செயற்கை இழையோடு தானாக வருவதில்லை. பயிற்சியாளர் அதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். மணிமாறன் வழிநடத்தும் புத்தர் கலைக்குழு, எந்தச் சாதியினருக்கும் பறை கற்பிக்கும்போதே சாதி ஒழிப்பையும் உடன் பேசுவது இந்த வகையில் முன்மாதிரி. கற்க வருபவர் எவராயினும் கதவைத் திறந்துவைப்பதும், உள்ளே வந்தவரிடம் முழு வரலாற்றையும் சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதை அந்தக் குழு செய்து காட்டியிருக்கிறது.

மரபை அப்படியே காப்பதா, மாற்றுவதா என்ற விவாதத்துக்கு இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து ஒரு தெளிவான விடை கிடைக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கிராமத்து மக்களோடு இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கத்தில், கூத்துப் பிரதிகளில் இருந்த சாதி, பெண் குறித்த ஏற்றத்தாழ்வான கருத்துகள் ஊரிலேயே விவாதிக்கப்பட்டன. கூத்தைப் பயிற்றுவிக்கும் அண்ணாவியாரும் ஆடுபவர்களும் ஊர்ப் பெரியவர்களும் இளையோரும் அமர்ந்து பேசி மாற்றங்களை முடிவு செய்தார்கள். வெளியிலிருந்து வந்த நெறியாளர் ஒருவர் பிரதியைத் திருத்தி ஊரை நடிக்கவைத்திருந்தால் நாடகம் ஒருவேளை விரைவில் முடிந்திருக்கும். ஆனால் போர்க்காலத்தில் வளர்ந்து, தம் வாழ்வில் எதையும் தாமே தீர்மானிக்க இயலாதிருந்த இளையோருக்கு, தம் பாட்டனார் ஆடிய கூத்தை மாற்றும் உரிமை தமக்கும் உண்டு என்று தெரியவந்திருக்காது. ஓர் ஊரைச் சேர்ந்தவன் என்பதில் அந்த ஊரின் மரபோடு வாதாடும் உரிமையும் அடங்கும்.

இத்தகைய முயற்சிகளை மதிப்பிடும்போது எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்ற எண்ணிக்கையே பெரும்பாலும் கேட்கப்படுகிறது, ஏனெனில் நிதி தருபவர்களுக்கு அது எளிது. என் பார்வையில் கேட்க வேண்டியவை வேறு. பயிற்சி எவ்வளவு காலம் நீடித்தது என்பது முதலாவது. பத்து நாள் பட்டறையில் நான்கு அடவு கற்கலாம். வீட்டில் எழும் கேள்விக்குப் பதில் சொல்லும் உறுதி அதற்குள் வராது. திண்டுக்கல்லிலும் புஞ்சரசந்தாங்கலிலும் இளையோர் சேர்ந்து தங்கினார்கள், சேர்ந்து சமைத்து உண்டார்கள், சண்டையிட்டுச் சமாதானமானார்கள். சேர்ந்து உண்பதையே விலக்கிவைத்த சமூகத்தில் அந்தப் பந்தி கலைக்குச் சமமான பாடம். அடுத்தது, அவர்கள் எங்கே ஆடினார்கள் என்பது. தலைநகர அரங்கில் கிடைக்கும் கைதட்டல் இனிமையானதுதான். ஆனால் தன் ஊரின் நடுத்தெருவில், தன்னைப் பெயர் சொல்லி அதட்டியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க, கூலியைத் தானே பேசி முடிவு செய்து ஆடும் ஆட்டமே அவளுடைய இடத்தை ஊருக்குள் மாற்றுகிறது. அந்த நிலையை எட்டுவது கடினம். பல குழுக்கள் அங்கு வராமலே நின்றுவிடுகின்றன.

ஆசிரியர் யார் என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கடந்துபோய்விடுகிறார்கள். 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்களுள் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் இருந்தார். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் தெருக்கூத்துக்காக அதே ஆண்டு அந்த விருது கிடைத்தது. நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்று இந்தக் கலைகளைத் தேடி வந்திருக்கும் இந்த நேரத்திலும், தலைமுறை தலைமுறையாக அடித்துவந்த கலைஞர் ஒருவர் தம் ஊர் அரசுப் பள்ளியில் முறையான ஊதியத்தோடு கலை ஆசிரியராக அமர்வதற்கு வழி பெரும்பாலும் இல்லை, ஏனெனில் அவரிடம் கலை இருக்கிறது, பட்டம் இல்லை. கலைத் திருவிழாப் போட்டிக்குச் சில வாரம் முன்பாக அவரை அழைத்து, கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுத்து அனுப்புவதே வழக்கம். அனுபவத்தைத் தகுதியாக ஏற்று, அத்தகைய கலைஞர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாகவேனும் ஆண்டு முழுதும் பள்ளிகளில் நியமிப்பது அரசுக்குப் பெரிய செலவு அன்று. தெருவில் ஒருமையில் அழைக்கப்படும் ஒருவர் வகுப்பறைக்குள் நுழைய, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எழுந்து நின்று 'வணக்கம் ஐயா' என்று சொல்லும் ஒரு பள்ளியில், அவருடைய பேத்தி பறையைப் பைக்குள் மறைத்து எடுத்துவர வேண்டிய தேவை இருக்காது.